கரண்ட் என்றால் மின்சாரம் மட்டுமா?



ஓ.எல். நெருங்கும்போது ஊரில் ஏதாவது ஒரு போட்டோக்கொப்பி சுற்றும். இப்போது சுற்றுவது ஓர் ஆங்கிலச் சொற்பட்டியல். இடப்பக்கம் பிள்ளைகளுக்குத் தெரிந்த சின்னச் சொல், வலப்பக்கம் அதன் ‘எக்ஸ்ட்ரா மீனிங்’. ஒரு வாக்கியம்கூட இல்லை. உம்மாமார் காசு கொடுத்து வாங்கி, சுபஹுக்குப் பிறகு பிள்ளையை உட்கார வைத்துப் பாடமாக்கச் சொல்கிறார்கள்.

ஆங்கிலம் படிப்பிக்கும் நாங்கள் இதை எதிர்க்கிறோம். டியூஷன்காரர்களோடு எங்களுக்குப் பொறாமை என்று சொல்பவர்கள் சொல்லட்டும்.

பிரச்சினை இருப்பது உண்மைதான். எங்கள் பிள்ளைகள் தடுக்கி விழுவது பெரிய சொற்களில் அல்ல, தெரியும் என்று நினைக்கிற சொற்களில். கரண்ட் என்றால் வீட்டில் மின்சாரம். கடற்கரைப் பலகையில் ‘ஸ்ட்ரோங் கரண்ட்ஸ்’ என்று இருந்தால் தண்ணீருக்குள் வயர் போகிறதா என்று யோசிக்கிறது பிள்ளை. அது நீரோட்டம். படிவத்தில் ‘கரண்ட் அட்ரஸ்’ என்று வந்தால் இப்போதைய விலாசம். ‘கிரேவ்’ என்றால் கப்று என்று தெரியும். ‘கிரேவ் மிஸ்டேக்’ என்று வரும் பந்தியில் கப்றைத் தேடினால் எங்கே கிடைக்கும்? அது பாரதூரமான பிழை.

சரி, பட்டியலைப் பாடமாக்கிய பிள்ளைக்குக் கரண்டுக்கு மூன்று அர்த்தம் தெரியும் என்றே வைத்துக்கொள்வோம். பரீட்சை மண்டபத்தில் மூன்றில் எதை எடுப்பது? அதைப் பட்டியல் சொல்லாது, பக்கத்துச் சொற்கள்தான் சொல்லும். ‘எ புக்’ என்றால் புத்தகம். ‘டு புக் எ டிக்கெட்’ என்றால் அங்கே அது ஒரு செயல், முற்பதிவு செய்வது. இப்படி அக்கம்பக்கம் பார்க்கப் பழகிய பிள்ளை, ‘ஃபேஸ் த ப்ரொப்ளம்’ என்பதில் முகத்தைத் தேடாது. பட்டியலில் அது இல்லாவிட்டாலும் பிடித்துக்கொள்ளும்.

ஆறு மணி, ஆற்றில் குளிப்பது, தேத்தண்ணி ஆறுவது. இதற்கு யாராவது பிள்ளைக்குப் பட்டியல் கொடுத்தோமா?

மத்ரஸாவுக்குப் போங்கள். ‘ஐன்’ என்ற சொல் சூரா அல்பலதில் கண், சூரா அல்காஷியாவில் ஊற்று. நம் மௌலவிமார் ஆயத்தை ஓதிக்காட்டித்தான் விளக்குகிறார்கள். ஒரே சொல் பல பொருளில் வருவதை ஆராய ‘வுஜூஹ், நழாஇர்’ என்று ஒரு தனிக் கலையே உண்டு. ஹிஜ்ரி 150இல் வபாத்தான முகாதில் இப்னு ஸுலைமான் அதில் நூல் செய்தவர். அவரும் அர்த்தத்தை மட்டும் அடுக்கிவிட்டுப் போகவில்லை. எந்த ஆயத்தில் எந்தப் பொருள் என்று காட்டுகிறார். இப்படி ஒரு முறையை வீட்டில் வைத்துக்கொண்டுதான் வெறும் பட்டியலுக்குக் காசு கொடுக்கிறோம்.

‘பாஸானால் போதும், சேர்’ என்கிறார்கள் சில வாப்பாமார். போதாது. அந்தப் பிள்ளை நாளைக்கு கட்டாருக்கோ டுபாய்க்கோ போகும்போது கையில் ஒரு கொன்ட்ராக்ட் கொடுப்பார்கள். அதில் ‘நோட்டிஸ்’ என்று இருக்கும். நம் ஊரில் நோட்டிஸ் என்றால் பள்ளிவாசலில் பங்கிடுகிற துண்டுக் கடதாசி. அங்கே, வேலையை விடுவதற்கு எத்தனை நாளைக்கு முன் அறிவிக்க வேண்டும் என்பது. ‘டெர்ம்ஸ்’ என்று இருக்கும். அது பாடசாலைத் தவணை இல்லை, நிபந்தனைகள். விளங்காமல் கையெழுத்துப் போட்டால் அங்கே சப்ளிமெண்டரி பரீட்சை கிடையாது.

நேரமில்லை என்று சொல்லாதீர்கள். அந்தப் பட்டியலுக்குப் போகிற அதே நேரம் போதும். ஒரு நாளைக்கு ஐந்து சொல் எடுக்கச் சொல்லுங்கள். போனில் முதலில் வருகிற அர்த்தத்தோடு நிறுத்தாமல், அகராதியில் இரண்டாவது, மூன்றாவது அர்த்தத்தையும், அதன் கீழே இருக்கிற உதாரண வாக்கியத்தையும் வாசிக்கட்டும். பிறகு சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதட்டும். காசு கொடுத்து வாங்கிய அந்தப் போட்டோக்கொப்பியின் பின்பக்கம் வெறுமையாகத்தான் கிடக்கிறது, அதிலேயே எழுதலாம். எழுதியதைப் பாடசாலைக்குக் கொடுத்தனுப்புங்கள், நாங்கள் திருத்தித் தருகிறோம்.