பரணை எங்கே போடுவது?

டிஸ்கி: 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அப்புறம் மான் வேட்டைன்னா கம்பி எண்ண வேண்டியதுதான். நான் சொல்ல வர்றது கேமராவோட உட்கார்ற பரண் பத்தி. ஆனா விஷயம் முழுக்க பழைய வேட்டைக்காரங்ககிட்ட கடன் வாங்கினது :-)

பரண்னாலே நம்மாளுங்களுக்கு வள்ளி ஞாபகம்தான் வரும். அது கிளி விரட்டுற பரண். நாலு பக்கமும் தெரியணும், சத்தமும் போடணும். மான் பார்க்கிற பரண் அதுக்கு நேர் எதிர். ஜிம் கார்பெட்டும் கென்னத் ஆண்டர்சனும் ராத்திரி முழுக்க அசையாம உட்கார்ந்த ரகம். நம்ம போட்டோ நண்பர்கள் வள்ளி பரணுக்கு இடம் பார்த்துட்டு, "மானே வரலை"ன்னு புலம்புறாங்க. எங்கே நல்லா தெரியுதுன்னு பார்க்கிறதை முதல்ல விடுங்க. காத்து எங்கேருந்து எங்கே போகுதுன்னு பாருங்க. மானுக்கு மூக்குதான் காவல்காரன். மான் இருக்கிற பக்கத்திலிருந்து காத்து நம்ம முகத்துல அடிக்கணும். பவுடர் டப்பாவைத் தட்டினா திசை தெரிஞ்சிடும்.

இதுல கீழ்க்கட்டளை பக்கம் இருக்கிற நமக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. மே முதல் ஆகஸ்ட் வரைக்கும் இங்கே காலையில பெரும்பாலும் மேல்காத்து. மதியத்துக்கு மேல கிழக்கேயிருந்து கடல்காத்து நுழையும் (சில நாள் வராமலே கழுத்தறுக்கும், அது வேற கதை). அப்போ காலையில மான் தடத்துக்குக் கிழக்கே உட்காரணும், சாயங்காலம் மேற்கே. சூரியனைக் கவனிச்சீங்களா? ரெண்டு வேளையும் நம்ம முதுகுப்பக்கம்! வெளிச்சம் மான் மேல, கண்கூச்சமும் அதுக்குத்தான். அரபிக்கடல் பக்கம் இருக்கிறவங்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை, சாயங்காலக் கடல்காத்தும் வெயிலும் ஒரே பக்கமிருந்து வந்து மூஞ்சியிலேயே அடிக்கும். நமக்கும் ஐப்பசி, கார்த்திகையில வாடைக்காத்து வந்துட்டா இந்தக் கணக்கு செல்லாது. ஒரே இடத்துல வருஷம் முழுக்க உட்காருவேன்னு அடம் பிடிக்கிறவங்க மரத்தைத்தான் படம் எடுக்கணும்.

கிண்டியிலயோ தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியிலயோ நம்மளைப் பரண் கட்ட விடமாட்டாங்க, விடவும் கூடாது. ஆனா நிக்கிற இடமும் பரண்தானே. மான் படுக்கிற புதருக்கும் மேயுற புல்வெளிக்கும் நடுவுல தடம் இருக்கும். புழுக்கையும் குளம்படியும் காட்டிக் கொடுக்கும். அதிலிருந்து கொஞ்சம் தள்ளி, முதுகுக்கு ஒரு தடிமனான மரம் இருக்கிற மாதிரி நில்லுங்க. வெட்டவெளி வானத்தைப் பின்னால வச்சுக்கிட்டு நின்னா, தலை ஆடினாலே போச்சு. முக்கியமா, நாம அங்கே போற வழி மான் தடத்தைக் குறுக்கே வெட்டக்கூடாது.

இப்போ என் சண்டை. தண்ணிக்குப் பக்கத்துல உட்காராதீங்க. சித்திரை வெயில்ல, இருக்கிற ஒரே குட்டை ஓரமா நாலு பேர் ஸ்டாண்டை நட்டு வச்சா, மான் தூரத்துல நின்னு பார்த்துட்டு தாகத்தோட திரும்பிடும். வேற தண்ணி தேடி ரோட்டுப்பக்கம் வந்தா பஸ்ஸும் தெருநாயும் காத்துக்கிட்டிருக்கு. "நாங்க சுடலியே, படம்தானே எடுக்கிறோம்"னு ஒரு பதில் ரெடியா இருக்கும். சரி, ஒரு தகவல். 1972 சட்டத்துல, லைசென்ஸ் வாங்கி வேட்டையாட வழி இருந்த காலத்துலயே, 17வது பிரிவு ஒரு தடை போட்டிருந்தது. தண்ணி குடிக்கிற இடத்துலயும் உப்பு நக்குற இடத்துலயும், அங்கே போற வழியிலயும் கூட விலங்குகளை வேட்டையாடக்கூடாது (நீர்ப்பறவை மாதிரி சிலதுக்கு மட்டும் விலக்கு). 1991 திருத்தத்துல லைசென்ஸ் வேட்டையே போனதோட அந்தப் பிரிவும் போச்சு. துப்பாக்கிக்காரனுக்கே இருந்த தடை கேமராக்காரனுக்கு ஏன் வேணாம்? நன்மங்கலம் குவாரிக் குட்டையில கொம்பன் ஆந்தைக்காக நாள் முழுக்கக் குந்தியிருக்கிறவங்களுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

ஆங்... சட்டை விஷயம் விட்டுப்போச்சு. அமெரிக்காவுல வேட்டைக்காரங்க பளிச்சுனு ஆரஞ்சு கோட்டு போட்டுக்கிட்டுதான் மரத்துல உட்கார்றாங்க. மானுக்கு ஆரஞ்சும் சிவப்பும் தனியாத் தெரியாது. நீலம் நல்லாத் தெரியும். அதனால காக்கி, பச்சைன்னு காசைக் கொட்ட வேணாம், அந்த ஜீன்ஸை மட்டும் வீட்டிலேயே கழட்டி வச்சுட்டு வாங்க.