லைட் மாற்றத் தெரியும், டயரின் திகதி பார்க்கத் தெரியாதா?

இதைப் படித்துவிட்டுச் சிலர் கோபிப்பீர்கள். பரவாயில்லை, கோபத்தோடேயே கடைசிவரை படியுங்கள்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்கள் திரும்ப வருவதற்கு 2025 பெப்ரவரி ஆனது. இடைப்பட்ட ஐந்து வருடமும் நாங்கள் ஓட்டியது ஏற்கெனவே நாட்டில் கிடந்த வாகனங்களைத்தான். ஓட ஓட அவற்றின் விலையும் ஏறியது! இப்போது டொயோட்டா ரைஸ் வருகிறது. 996 சீசீ, ஆயிரத்துக்குள் நிற்பதால் வரிக்கு வசதி. லீசிங் போட்டாவது ஒன்றை எடுத்துவிடுகிறோம். எங்கள் ஒழுங்கைகளுக்குச் சின்ன எஸ்.யூ.வி. பொருத்தமான வாகனம்தான், அதில் குறையில்லை. எங்கள் வீட்டிலும் 2014ஆம் ஆண்டு வெசல் ஒன்று நிற்கிறது.

எடுத்த கையோடு அதற்கு என்ன செய்கிறோம் என்பதுதான் பிரச்சினை. ஹெட்லைட்டுக்கு வெள்ளை எல்.ஈ.டி. பல்ப். முன்னுக்கு இரும்புப் பார். கண்ணாடிக்குக் கறுப்பு ஸ்டிக்கர். 'கராஜுக்குப் போகேல்ல, நானே பூட்டினது' என்று படம் வேறு. சரி, டயருக்குக் கடைசியாக எப்போது காற்றுப் பார்த்தீர்கள் என்று கேட்டால், 'சேர்விஸ்ல பாத்திருப்பாங்கள்' என்று பதில் வருகிறது.

அந்த லைட்டை முதலில் எடுப்போம். தொழிற்சாலையிலேயே எல்.ஈ.டி. பூட்டி வந்ததைச் சொல்லவில்லை. ஹலஜன் பல்புக்கென்று செய்த கூட்டுக்குள் கடையில் வாங்கிய எல்.ஈ.டி. பல்பைச் சொருகுவதைச் சொல்கிறோம். உள்ளே இருக்கிற அந்தப் பளபளப்பான கிண்ணம், ஹலஜன் இழை எந்த இடத்தில் எரியுமோ அந்த இடத்துக்குக் கணக்குப் பார்த்து வளைத்தது. எல்.ஈ.டி.யின் ஒளி வேறு இடத்திலிருந்து, வேறு அளவில் வருகிறது. கணக்குக் குழம்பி, தரையில் விழ வேண்டிய வெளிச்சம் எதிரே வருகிறவனின் கண்ணில் விழுகிறது. ஓட்டுகிறவருக்குப் பகல் மாதிரி இருக்கும். அதனால்தான் அவர் சந்தோசப்படுகிறார்.

மாலை ஆறரை, ஏழு மணிக்குப் பலாலி வீதியிலோ காங்கேசன்துறை வீதியிலோ போய்ப் பாருங்கள். ரியூசன் முடிந்த பிள்ளைகள் சைக்கிளில் வரிசையாக வருகிறார்கள். எங்கள் வகுப்புப் பிள்ளைகள், உங்கள் பிள்ளைகள். 'சைக்கிளுக்கு லைட் இல்லையே' என்பீர்கள். உண்மைதான், காலைக்கூட்டத்தில் நாங்கள் தொண்டை கிழியச் சொல்கிற விசயம் அது. ஆனால் உங்கள் வெளிச்சத்தில் கண் கூசுகிறவர் எதிரே லொறியோ பஸ்ஸோ ஓட்டி வருகிறவராக இருந்தால், அவருக்கு முன்னால் போகிற சைக்கிளை அந்த இரண்டு மூன்று செக்கன்களுக்கு அவர் பார்க்கவே முடியாது. அந்தப் பிள்ளை நீங்கள் இடித்த பிள்ளையாக இருக்காது. நீங்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள்.

இரும்புப் பாரும் இதே கதைதான். மோதினால் நசுங்கி அடியைத் தான் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றுதான் வாகனத்தின் முன்பகுதியைச் செய்கிறார்கள். அதற்கு முன்னால் நசுங்காத இரும்பை வைத்தால், அடி உள்ளே இருப்பவருக்கும் றோட்டில் நிற்பவருக்கும் போகிறது. ஒரு எஸ்.யூ.வி.யின் பார் உயரத்தில் ஐந்து வயதுப் பிள்ளையின் எந்த உறுப்பு இருக்கிறது என்று அளந்து பாருங்கள். ஐரோப்பாவில் 2005இல் இந்தப் பாருக்கென்றே பாதுகாப்புச் சோதனை விதி கொண்டுவந்தார்கள். எங்களிடம் மாடு குறுக்கே வரும் என்று நியாயம் சொல்கிறோம். மாட்டுக்கு மருந்து வேகத்தைக் குறைப்பது.

கையால் செய்வதை நாங்கள் எதிர்க்கவில்லை. செய்ய வேண்டியதைச் செய்யுங்கள் என்கிறோம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3519 என்றால் 2019ஆம் ஆண்டின் 35ஆவது வாரம் செய்த டயர். பூ நன்றாக இருக்கிறது என்று கடைக்காரர் காட்டுவார், நீங்கள் இலக்கத்தைப் பாருங்கள். எவ்வளவு காற்று வேண்டும் என்பது டிரைவர் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கிறது. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். மூன்று பக்கமும் கடல் உள்ள ஊரில் அதை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றாமல் எப்படி இருக்கிறோம்? பண்ணைப் பாலம், பொன்னாலைப் பாலம் பக்கம் தினமும் போய் வருகிறவர்கள் பொனற் பளபளக்கக் கழுவுகிறார்கள். உப்புப் பிடித்திருப்பது அடியில். நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவ எந்தப் படிப்பும் தேவையில்லை.

எங்கள் ஊருக்கே உரிய ஒன்று, கிணற்றுத் தண்ணீர். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தச் சுண்ணாம்புதான், அதே தண்ணீரை ரேடியேற்றருக்குள் ஊற்றினால் அங்கேயும் படிகிறது. மெல்லிய குழாய்கள் அடைபடுகின்றன, பிறகு ஒருநாள் ஆனையிறவு தாண்டும்போது எஞ்சின் கொதிக்கிறது. கூலன்ட் வாங்க முடியாவிட்டால் அவசரத்துக்கு வடித்த நீராவது ஊற்றுங்கள். ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: பெரிய பற்றரிக்குக் காற்று இழுக்கிற வாய் பல வாகனங்களில் பின்சீற் பக்கம் இருக்கிறது. கோப்பாய், உரும்பிராய்ச் செம்மண் தூசியும் பள்ளிக்கூடப் பையும் சேர்ந்து அதை அடைத்தால் பற்றரி சூடாகிச் சாகும். அந்த வாயைத் தூசு தட்டலாம். செம்மஞ்சள் நிறத் தடித்த வயரைக் கண்டால் மட்டும் கையை எடுங்கள், அது பயிற்சி பெற்றவரின் வேலை.

யாழ்ப்பாணத்தான் மண்ணெண்ணெயில் கார் ஓட்டினவன் என்று பெருமை பேசாத ஆள் இங்கே இல்லை. அந்தப் பெருமை நியாயமானது. பொருளாதாரத் தடைக் காலத்தில் பழைய ஒஸ்ரினுக்கும் மொறிஸுக்கும் காபரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, சூட்டில் ஆகும், அந்தக் கார்களின் அழுத்தமும் குறைவு. அதைப் புரிந்துகொண்டு செய்த வேலை அது. (அந்தக் காலத்தில் நாங்கள் இங்கே இல்லை. 1990 ஒக்டோபரில் எங்கள் பெற்றோர் வெளியேற்றப்பட்டார்கள், நாங்கள் வளர்ந்தது புத்தளத்தில். இந்தக் கதையை எங்களுக்குச் சொன்னவர்கள் திரும்பி வந்தபிறகு கிடைத்த அயலவர்கள்.) தங்கள் வண்டிக்குள் என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எங்களுக்குப் பொனற் திறக்கிற கொழுக்கி எங்கே என்று தெரியாது.

இதில் எங்கள் தொழிலுக்கும் பங்குண்டு. 2013இல் உயர்தரத்துக்குத் தொழினுட்பப் பிரிவு வந்தது. நல்ல பிரிவு. ஆனால் பெற்றோர் வந்து கேட்பது என்ன? 'சேர், இவனுக்கு மெற்ஸ் ஓடாது, ரெக்குக்கு விடுவமா?' கையில் கிறீஸ் படுகிற படிப்பு, ஓடாத பிள்ளைக்கான படிப்பு. இப்படிச் சொல்லி வளர்த்துவிட்டு, அந்தப் பிள்ளை மெக்கானிக்காகி பில் கொடுத்தால் கள்ளன் என்கிறோம். சொந்த வாகனத்தின் ஒயில் குச்சியை இழுத்துப் பார்க்கக் கூச்சம், எல்.ஈ.டி. பூட்டும்போது மட்டும் கூச்சமில்லை.

கடைசியாக ஒன்று, வீட்டிலேயே எஞ்சின் ஒயில் மாற்றுகிறவர்களுக்கு. மாற்றுங்கள், சின்ன டேர்போ எஞ்சினுக்கு ஒயில் பிந்தவே கூடாது. ஆனால் வடித்த மூன்று நான்கு லீற்றர் கறுப்பு ஒயில் எங்கே போனது? வேலியோரம், வாய்க்கால், கறையானுக்கென்று மரத்தடி. எங்கள் நிலத்தின் கீழே வெடிப்பும் குகையுமான சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றுவது கீழே இறங்க அதிக நாள் எடுக்காது, இறங்குகிற இடம் நாங்கள் குடிக்கிற தண்ணீர். சுன்னாகம் மின் நிலையத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் வந்தபோது எவ்வளவு கத்தினோம்! 2019இல் உயர் நீதிமன்றம் நொதேர்ன் பவர் நிறுவனத்தை 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்கச் சொன்னது. கம்பனி ஊற்றினால் குற்றம், நாங்கள் வேலியோரம் ஊற்றினால் சிக்கனமா?

புது ஒயில் வந்த கானிலேயே பழையதை ஊற்றி மூடி, ஒயில் மாற்றுகிற சேர்விஸ் நிலையத்தில் கொடுங்கள். எந்த ஊரில் எந்த நிலையம் வாங்குகிறது என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ், வெள்ளிக்கிழமைக்குள் ஊர் வாரியாக ஒரு பட்டியல் போடுகிறோம்.