ஒரு தடவை தோற்றால் தோல்வியா?

நின்டெண்டோ நிறுவனம் 2012இல் வெளியிட்ட 'வீ யூ' வீடியோ கேம் கருவியைத் தோல்வி என்றே பலரும் சொல்வர். முந்திய 'வீ' 10 கோடிக்கு மேல் விற்றது. இதுவோ சுமார் 1 கோடி 35 இலட்சத்துடன் நின்றுவிட்டது. பழைய கருவியின் துணைப்பாகம் என்றே பலர் எண்ணினர். வியாபாரத்தில் அது தோல்விதான், மறுப்பதற்கில்லை.

ஆனால், கையிலுள்ள திரையில் விளையாடும் அதே எண்ணம்தான் 2017இல் 'ஸ்விட்ச்' கருவியில் செழித்தது. 'வீ யூ'வுக்காக 2014இல் வந்த 'மரியோ கார்ட் 8' அதிலே பன்மடங்கு விற்றது. தோற்றது விற்பனை, உழைப்பு வீணாகவில்லை.

திருகோணமலைப் பெற்றோரே, உயர்தரத்தில் இசட் புள்ளி குறைந்த மகளிடம் "படித்தது போதும்" என்று சொல்லாதீர்கள். பல்கலைக்கழக அனுமதிக்காக 3 தடவை பரீட்சைக்குத் தோற்றலாம். சட்டம் தரும் அவகாசத்தை வீடு பறிக்கலாமா?