வரவு உங்களுக்கு, செலவு ஊருக்கு!

ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட்டிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். நடுவில் மாடு, மினி பஸ், பால்கோவா கடை எல்லாம் உண்டு. இந்த ரோட்டில் ஓட்டத்தான் சிலருக்குக் காரில் இன்னும் ‘பவர்’ வேணுமாம்! அதுக்காக இன்ஜினை ஒட்டிய மேனிஃபோல்டை மாத்தி, கேட்டலிடிக் கன்வர்ட்டரை அறுத்து எறிஞ்சு, வெறும் பைப்பை வெல்டிங் வைக்கிறாங்க. டீசல் வண்டின்னா ஈ.ஜி.ஆர். வால்வைத் தகடு வைத்து அடைக்கிறாங்க.

‘இன்ஜின் நல்லா மூச்சு விடும் சார்’ என்கிறீர்கள். சரி, ரோட்டோரம் பூ விற்கிற அம்மா எப்படி மூச்சு விடுவார்?

நான் பி.காம். எனக்குக் கணக்குதான் தெரியும். கன்வர்ட்டரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்று விலையுயர்ந்த உலோகங்கள் இருக்கின்றன. கார்பன் மோனாக்ஸைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்ஸைடு மூன்றையும் வெகுவாகக் குறைப்பது அவைதான். ஈ.ஜி.ஆர்., புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பி, உள்ளே சூட்டைத் தணித்து, நைட்ரஜன் ஆக்ஸைடு உண்டாவதையே குறைக்கிறது. இதையெல்லாம் கழற்றினால் உங்களுக்குக் கொஞ்சம் இழுவை வரவு. செலவு ஊரார் நுரையீரலில். எந்த ஆடிட்டர் இதில் கையெழுத்துப் போடுவார்?

‘புகை சர்டிஃபிகேட் இருக்கே!’ என்பீர்கள். அந்தச் சோதனை பெட்ரோல் வண்டியில் கார்பன் மோனாக்ஸைடையும் ஹைட்ரோகார்பனையும் பார்க்கும். டீசலில் புகையின் அடர்த்தியைப் பார்க்கும். நைட்ரஜன் ஆக்ஸைடை அளப்பதே இல்லை! ஈ.ஜி.ஆரை அடைத்தவர் ஜம்மென்று பாஸ். வெயிலில் ஓசோனை உண்டாக்கி மூச்சுக்குழாயை அரிக்கிற சமாசாரம் அது. நம்ம ஊரில் வெயிலுக்கா பஞ்சம்?

ஈ.ஜி.ஆரில் கரி பிடிக்கும், வண்டி இழுக்காது என்பது நிஜம்தான். கழற்றிச் சுத்தம் பண்ணுங்க. கெட்டுப்போச்சுன்னா புதுசு போடுங்க. பந்தய ஆசையா? கோயம்புத்தூரிலும் இருங்காட்டுக்கோட்டையிலும் அதுக்குன்னே டிராக் இருக்கு. அங்கே போய் முறுக்குங்க.

2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, மாசு விதியை மீறிய வண்டியை ஓட்டினால் மூன்று மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டம் இருந்து என்ன? சோதிக்கிறவர்கள் ஒருமுறையாவது குனிந்து வண்டிக்கு அடியில் பார்க்க வேண்டாமா?

அதுவரை காத்திருக்காதீங்க. அறுத்ததைத் திரும்ப மாட்டுங்க. அந்தப் புகைக்குப் பின்னாலேயே ஸ்கூல் ஆட்டோவில் உங்க பிள்ளையும்தான் வருது.