ஒரே புரதத்துக்கு இரண்டு எண்களா? மனிதப் புரதப் பட்டியல் ரிங்லெட் மாணவருக்கு ஏன் முக்கியம்

மலேசியாவில் 2016-ல் நான்காம் படிவ மாணவர்களுக்குத் தலசீமியா பரிசோதனை தொடங்கியது. கோலாலம்பூர் பள்ளியாக இருந்தாலும் சரி, கேமரன் மலையில் ரிங்லெட் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியாக இருந்தாலும் சரி, நடைமுறை ஒன்றுதான். கொஞ்சம் இரத்தம் எடுப்பார்கள். சில நாள் கழித்து முடிவு வரும். சிலருடைய தாளில் 'ஹெச்.பி. ஈ' என்று இருக்கும்.

"அப்படின்னா எனக்கு நோயா?" இதுதான் முதலில் வரும் கேள்வி. நோய் இல்லை. உங்கள் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் என்ற புரதத்தின் ஒரு பகுதி, ஒரே ஓர் இடத்தில் மட்டும் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

அது எந்த இடம் என்று தேடிப் பார்த்தால்தான் குழப்பம். ஒரு பக்கத்தில் '26-வது இடம்' என்று இருக்கும், இன்னொரு பக்கத்தில் '27-வது இடம்' என்று இருக்கும். இரண்டுமே சரிதான்.

அது எப்படி? விடை, உலகம் முழுவதும் விஞ்ஞானிகள் பகிர்ந்துகொள்ளும் மனிதப் புரதப் பட்டியலில் இருக்கிறது.

26-ஆ, 27-ஆ?

புரதம் என்பது அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த ஒரு மாலை. ஹீமோகுளோபினின் 'பீட்டா' சங்கிலியை உடல் தயாரிக்கும்போது அதில் 147 மணிகள் இருக்கும். தயாரித்த பிறகு முதல் மணியை உடலே வெட்டி எடுத்துவிடும். மிச்சம் 146.

பழைய மருத்துவ நூல்கள் இந்த 146-ஐ வைத்து எண்ணின. அதன்படி ஹெச்.பி. ஈ மாற்றம் 26-வது இடத்தில் வருகிறது: அங்கே குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் லைசின் இருக்கும். இன்றைய மரபணு ஆய்வகங்கள் வெட்டுப்படும் முதல் மணியையும் சேர்த்து எண்ணுகின்றன. அதனால் அதே மாற்றம் 27 ஆகிவிடுகிறது. அரிவாள் செல் சோகைக்குக் காரணமான மாற்றத்துக்கும் இதே கதைதான்: பழைய எண் 6, புதிய எண் 7.

இரண்டு ஆய்வகங்கள் இரண்டு எண்களில் அறிக்கை கொடுத்தால், படிப்பவர் இரண்டு வெவ்வேறு மாற்றங்கள் என்று நினைத்துவிடலாம். மருத்துவ அறிக்கையில் அது சின்னப் பிழை இல்லை. எந்த வரிசையை வைத்து, எங்கிருந்து எண்ணுகிறோம் என்று எல்லாரும் ஒப்புக்கொள்ள ஒரு பொதுப் பட்டியல் வேண்டும்.

பெயர் வைப்பதிலும் இதே சிக்கல் இருந்தது. ஹீமோகுளோபின் வகைகளுக்கு முதலில் ஏ, எஸ், சி, டி, ஈ என்று எழுத்துகளை வைத்தார்கள். எழுத்துகள் போதாமல் போகவே, ஊர்ப்பெயர்களும் இனப்பெயர்களும் வந்தன: ஹெச்.பி. கான்ஸ்டன்ட் ஸ்பிரிங், ஹெச்.பி. மலாய், ஹெச்.பி. சிங்கப்பூர். ஆனால் அந்த ஊரில் மட்டும்தான் அது இருக்கும் என்று அர்த்தமில்லை. கான்ஸ்டன்ட் ஸ்பிரிங் ஜமைக்காவில் இருக்கிறது. அந்தப் பெயர் கொண்ட ஹீமோகுளோபின் மலேசியாவிலும் பரவலாகக் காணப்படுகிறது.

பட்டியலை யார் எழுதினார்கள்?

1965-ல் அமெரிக்க விஞ்ஞானி மார்கரெட் டேஹாஃப், அதுவரை தெரிந்த 65 புரதங்களின் வரிசைகளை ஒரே நூலாகத் தொகுத்தார். 1986-ல் சுவிட்சர்லாந்தில் ஆமோஸ் பைரோக் 'சுவிஸ்-புரோட்' என்ற தரவுத்தளத்தைத் தொடங்கினார். 2002-ல் பல தரவுத்தளங்கள் கைகோத்து 'யூனிபுரோட்' உருவானது. இன்று ஆய்வகங்கள் முதலில் திறந்து பார்க்கும் பட்டியல் அதுதான். அதில் மனிதர்களுக்கு மட்டும் சுமார் 20,000 புரதங்கள் ஆய்வாளர்களால் சரிபார்க்கப்பட்டுப் பதிவாகியுள்ளன.

இதில் பெங்களூருக்கும் பெரிய பங்கு உண்டு. அகிலேஷ் பாண்டே தொடங்கிய இன்ஸ்டிடியூட் ஆஃப் பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து 2003-ல் 'மனிதப் புரதக் குறிப்புத் தரவுத்தளம்' ஒன்றை வெளியிட்டது. அங்கிருந்த உயிரியலாளர்கள் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளைத் தாங்களே படித்து, ஒவ்வொரு புரதமும் உடலில் எங்கே இருக்கிறது, எதனுடன் ஒட்டுகிறது, எந்த நோயுடன் தொடர்புடையது என்று கையால் பதிந்தார்கள்.

'இருக்கு' என்று எப்போது சொல்லலாம்?

ஒரு புரதத்துக்கான மரபணு இருக்கிறது என்பதால் மட்டும் அந்தப் புரதம் உடலில் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. அதனால் பட்டியலில் ஐந்து படிகள் வைத்திருக்கிறார்கள்.

முதல் படி: புரதத்தையே நேரில் கண்டதற்கான ஆதாரம் உண்டு. இரண்டாவது: மரபணுவின் நகலான ஆர்.என்.ஏ. கிடைத்திருக்கிறது, புரதம் இன்னும் கிடைக்கவில்லை. மூன்றாவது: வேறு உயிரினத்தில் இதைப் போன்ற ஒன்று இருக்கிறது. நான்காவது: கணினி ஊகம் மட்டும். ஐந்தாவது: சந்தேகத்துக்கு உரியது.

முதல் படியில் ஏறுவது சுலபம் இல்லை. பொருண்மை நிறமாலைமானி என்ற கருவியில் கண்டுபிடிப்பதானால், அந்தப் புரதத்துக்கு மட்டுமே உரிய இரண்டு துண்டுகளாவது கிடைக்க வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் குறைந்தது ஒன்பது அமினோ அமிலங்கள் இருக்க வேண்டும்.

இத்தனை கண்டிப்பு எதற்கு? 2014-ல் நடந்ததைப் பாருங்கள். அந்த ஆண்டு மே மாதம் 'நேச்சர்' இதழில் ஒரே நேரத்தில் இரண்டு மனிதப் புரத வரைபடங்கள் வந்தன. ஒன்று பாண்டே குழுவினுடையது: 30 வகைத் திசுக்களிலும் செல்களிலும் தேடி, 17,294 மரபணுக்களின் புரதங்களைக் கண்டதாகச் சொன்னது. இன்னொன்று ஜெர்மனியின் மியூனிக் குழுவினுடையது. உலகமே பாராட்டியது.

அதே ஆண்டில் ஸ்பெயின் ஆய்வாளர்கள் ஒரு கேள்வி எழுப்பினார்கள். வாசனையை அறியும் புரதங்கள் முக்கியமாக மூக்கில் இருப்பவை. மூக்குத் திசுவையே ஆராயாமல் அவை எப்படி இத்தனை அகப்பட்டன? பல சமிக்ஞைகள் தவறாக அடையாளம் காணப்பட்டிருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். அதன் பிறகு விதிகள் இறுக்கப்பட்டன. 2010-ல் தொடங்கிய சர்வதேச மனிதப் புரதத் திட்டம், பத்தாண்டு முடிந்த 2020-ல் 90 விழுக்காட்டைத் தாண்டியதாக அறிவித்தது. அதன் பிறகு அது சுமார் 93 விழுக்காடு வரை வந்தது. கடைசிச் சில விழுக்காடு நகர ரொம்பவே நேரம் எடுக்கிறது.

'குறிப்பு' என்றால் 'நல்ல உடல்' என்று அர்த்தமா?

இல்லை. இதுதான் பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம். பட்டியலில் உள்ள வரிசை, ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாதிரி மட்டுமே. அதிலிருந்து மாறுபட்டால் உடனே கோளாறு என்று பொருள் இல்லை.

கேமரன் மலைப் பகுதியில் செமாய் உள்ளிட்ட ஓராங் அஸ்லி மக்கள் வாழ்கிறார்கள். ஓராங் அஸ்லி, மலாய் மக்களில் சிலரது சிவப்பணுக்கள் வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் இருக்கும். காரணம், சிவப்பணுவின் சவ்வில் இருக்கும் 'பேண்ட் 3' என்ற புரதம். பட்டியலில் அதன் நீளம் 911 அமினோ அமிலங்கள். இவர்களிடம் 400 முதல் 408 வரை ஒன்பது இருக்காது. பட்டியலோடு ஒப்பிட்டால் அது குறை. ஆனால் மலேரியாவின் கடுமையான வடிவத்திலிருந்து அதே மாற்றம் பாதுகாப்பு தருகிறது.

இன்னொரு தேயிலை மலைக்குப் போவோம். நீலகிரிப் பழங்குடிகளிடம் அரிவாள் செல் மரபு இருப்பதை 1952-ல் லேமனும் கட்புஷ்ஷும் வெளியிட்டார்கள். அதுவரை அதை ஆப்பிரிக்காவோடு மட்டும் சேர்த்துப் பார்த்தவர்கள் பலர். யாரைப் பரிசோதிக்கிறோமோ அவர்களிடம்தானே கண்டுபிடிக்க முடியும்?

புரதப் பட்டியல் மரபணுத் தொகுப்பின் மேல் கட்டப்பட்டது. நெடுங்காலம் பயன்பட்ட அந்த மாதிரித் தொகுப்பில் சுமார் 70 விழுக்காடு ஒரே ஒரு மனிதரிடமிருந்து வந்தது. 2023-ல்தான் 47 பேரை வைத்துப் பரந்த தொகுப்பின் முதல் வரைவு வெளியானது. மலேசியாவில் யுனிவர்சிட்டி சைன்ஸ் மலேசியா 2010 முதல் உள்நாட்டு மரபு மாற்றங்களைச் சேகரிக்கும் மையத்தை நடத்தி வருகிறது. இங்குள்ளவர்களின் மாற்றங்கள் பொதுப் பட்டியலில் ஏறினால்தான், நாளை ரிங்லெட்டிலிருந்து போகும் இரத்தத்தைப் படிக்கும் ஆய்வகத்துக்கு அது 'தெரியாத மாற்றம்' ஆகாமல் இருக்கும்.

கவலை எங்கே?

பட்டியல் தானாக வளராது. யாராவது உட்கார்ந்து படித்துத் திருத்த வேண்டும். அதற்குச் சம்பளம் வேண்டும். பெங்களூரு தரவுத்தளத்தின் கடைசிப் பெரிய பதிப்பு 2010-ல் வந்தது. கண்டுபிடிப்புக்குத் தலைப்புச் செய்தி கிடைக்கும். பராமரிப்புக்கு யாரும் கைதட்டுவதில்லை.

சரி, முடிவுத் தாளில் 'ஹெச்.பி. ஈ' வந்தால் என்ன செய்வது? பயப்பட வேண்டாம், தாளைத் தொலைக்கவும் வேண்டாம். இந்த மரபைத் தாங்குபவர் பொதுவாக ஆரோக்கியமாகவே இருப்பார். ஆனால் வாழ்க்கைத்துணை பீட்டா தலசீமியா மரபைத் தாங்குபவராக இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு இரண்டும் சேர்ந்து வர 25 விழுக்காடு வாய்ப்பு உண்டு. அப்படிப் பிறக்கும் குழந்தைகளில் சிலருக்கு வாழ்நாள் முழுக்க இரத்தம் ஏற்ற வேண்டிவரும். ஆகவே மாற்றத்தின் முழுப் பெயரையும், எந்த எண் முறையில் எழுதியிருக்கிறார்கள் என்பதையும் மருத்துவரிடம் கேட்டுக் குறித்து வையுங்கள். 26, 27 என்று எது எழுதியிருந்தாலும் அடுத்த மருத்துவருக்கு அப்போது குழப்பம் வராது.