தூசியும் வர்க்கமும்

சொறிக்கல்முனையின் வயற்கரையிலிருந்து கல்முனைக் கடைத்தெரு வரை நடந்து பாருங்கள். வீட்டோடு ஒட்டிய கொட்டில்களிலே கதவும் யன்னலும் கட்டிலும் அலுமாரியும் உருவாகின்றன. முன்னர் தச்சுத் தொழிலாளி அரத்தாளைக் கையிற் பிடித்து நாள் முழுதும் தேய்த்த வேலையை, இன்று மின்சாரத் தேய்ப்பு யந்திரம், பட்டறை மொழியிற் 'சாண்டர்', சொற்ப நேரத்தில் முடித்து விடுகின்றது. இந்த யந்திரத்தை நாம் வரவேற்கின்றோம். மனிதனின் கைநோவைக் குறைக்கும் கருவியைப் பழிப்பது நமது வேலையன்று. ஆனால் மிச்சமான நேரம் யாருடைய பணப்பெட்டிக்குள் போயிற்று, எழுந்த தூசி யாருடைய நெஞ்சுக்குள் போயிற்று என்று கேட்காமலிருக்க நம்மால் முடியாது.

"கவனமாக வேலை செய்தால் ஆபத்தில்லை" என்று சிலர் உபதேசிக்கின்றனர். விரல் அறுந்தால் தொழிலாளியின் கவனக்குறைவு. இருமினால் அவன் குடித்த பீடி. எவ்வளவு வசதியான தத்துவம்!

சரி, கவனம் என்றால் என்ன? தாளை மாற்றுமுன் மின் இணைப்பைக் கழற்ற வேண்டும். யந்திரத்தை இரு கைகளாலும் பிடிக்க வேண்டும். ஆளியை நிறுத்திய பின்னும் தட்டு சில கணங்கள் சுழலும். அது ஓயும்வரை கீழே வைக்கலாகாது. சாரத்தின் தொங்கலும் தளர்ந்த சட்டைக் கையும் சுழலும் தட்டுக்கு இரை. கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பு, மூக்குக்கு நுண்தூசியைத் தடுக்கும் கவசம் வேண்டும். கட்டிய கைக்குட்டை நுண்தூசியை மறிக்காது. தூசியை உறிஞ்சும் குழாயும் பையும் வேண்டும். மழையில் நனைந்த நிலத்திலே மின்கசிவை அறுக்கும் 'ட்ரிப் சுவிட்ச்' உயிர் காக்கும்.

இவற்றிற் பாதி தொழிலாளி கற்க வேண்டிய பழக்கம். அதைக் கற்பதில் அலட்சியம் கூடாது என்று நாம் அவனுக்கும் சொல்வோம். மறுபாதியோ காசு கொடுத்து வாங்க வேண்டியது. துண்டுக் கணக்கிற் கூலி பெறுபவன் கவசத்துக்குச் செலவழிப்பானா, பிள்ளையின் கொப்பிக்குச் செலவழிப்பானா? சாண்டருக்குப் பதிலாகக் கிரைண்டரிலே தாள் தட்டைப் பூட்டி, காப்பு மூடியையும் கழற்றிக் கொடுப்பவர் யார்? நிமிடத்துக்குப் பதினோராயிரம் முறை சுழலக்கூடிய அந்தக் கருவியின்முன் 'கவனம்' என்ற சொல் எம்மாத்திரம்!

விரல் போவது கண்ணுக்குத் தெரியும். தூசியின் கொலை தெரியாது. தொழில்களின் நோய்களைப் பற்றி இத்தாலிய வைத்தியர் ரமாசினி 1700 ஆம் ஆண்டிலேயே நூல் எழுதினார். இங்கிலாந்தின் ஹை விக்கம் நகரத்துத் தளபாடத் தொழிலாளரிடையே அபூர்வமான மூக்குப் புற்றுநோய் மிகுந்திருப்பதை 1960 களில் வைத்தியர்கள் கண்டனர். தூசியைச் சுவாசித்துப் பல பத்தாண்டுகள் சென்ற பின்னரே அது தலைகாட்டியது. 1995 இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என ஐயமின்றி வகைப்படுத்தியது. கடின மரத்தூசி ஒரு கன மீற்றர் காற்றில் 2 மில்லிகிராமை மீறலாகாது என்ற எல்லை 2023 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நடைமுறையில் இருக்கின்றது. நமது கொட்டிலில் முதிரையும் தேக்கும் தேய்க்கும் இளைஞனின் மூக்கு ஐரோப்பியனின் மூக்கினும் மலிவானதா?

சட்டம் இல்லையா? உண்டு. வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934 இலும், தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942 இலும் பிறந்தன. யந்திரத்துக்குக் காப்பு வேண்டும், தூசியிலிருந்து தொழிலாளரைக் காக்க வேண்டும் என்ற கொள்கை நமது நாட்டுக்குப் புதியதன்று. பாதுகாப்பான தொழிற் சூழல் அடிப்படை உரிமை என 2022 இல் சர்வதேசத் தொழில் மாநாடும் பிரகடனம் செய்தது. ஏட்டிலுள்ள சட்டத்தைப் பட்டறைக்கு இழுத்து வருவது தொழிலாளரின் ஒற்றுமை ஒன்றே.

2020 இல் கொரோனா வந்தபோது முகக்கவசமின்றிக் கடைவாசலைக்கூட மிதிக்க முடியவில்லை. முதலாளியின் மூச்சுக்கும் ஆபத்து வந்தவுடன் கவசம் எல்லோருக்கும் கடமையாயிற்று. தொழிலாளியின் மூச்சுக்கு மட்டும் ஆபத்து என்றால் அது அவனுடைய சொந்த விஷயமாகி விடுகின்றது!

ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே! 2013 முதல் உயர்தரத்திலே தொழினுட்பப் பிரிவு நடக்கின்றது. யந்திரத்தை இயக்கக் கற்பிக்கும் வகுப்பு, 'காப்பு மூடி எங்கே?' என்று கேட்கவும் கற்பிக்கட்டும். அந்தக் கேள்வி வேலை தேடிச் செல்லும் மாணவனோடு பட்டறைக்குள்ளும் போகட்டும். தனியொருவன் கேட்டால் வேலை போகும். பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் கவசம் வரும். சொறிக்கல்முனைக் கத்தோலிக்கனும் சாய்ந்தமருது முஸ்லிமும் பாண்டிருப்பு இந்துவும் ஒரே தூசியைத்தான் சுவாசிக்கின்றனர். அவர்களைப் பிரித்து வைப்பதில் இலாபம் காண்போர் பலர். சேர்ந்து நிற்பதில் இலாபம் அவர்களுக்கே.

பளபளக்கும் கதவைத் தடவிப் பார்த்து "என்ன வழவழப்பு!" என்று வியக்கின்றோம். அந்த வழவழப்புக்காக ஒரு மனிதன் தன் மூச்சைக் கொடுக்க வேண்டியதில்லை. கொடுக்க வேண்டியது ஒரு கவசத்தின் விலை, அதுவும் முதலாளியின் கையிலிருந்து.