மந்திரம் பலிக்காதபோது

கலைப்புல ஆய்வு மாணவர்களுக்கு நிரல் எழுதக் கற்பிக்கும் பயிலரங்குகள் பெரும்பாலும் எண்களை வரிசைப்படுத்துவதில் தொடங்கி, இரண்டாம் நாள் பிற்பகல் காலி இருக்கைகளில் முடிகின்றன. அந்த இருக்கைகளுக்குரியோர் சிலர் அன்றிரவே ஹைதராபாத் விடுதி அறைகளில் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டுக்கு மேக்ரோ எழுதிக்கொண்டிருப்பார்கள். அதை நேர விரயம் என்கிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை.

2004இல் வெளிவந்த இவ்விளையாட்டில் மேக்ரோ என்பது 255 எழுத்துருக்களுக்குள் அடங்கும் சிறு கட்டளைத் தொகுப்பு. இலக்கு நண்பராயின் குணமாக்கும் மந்திரம், இல்லையெனில் தாக்கும் மந்திரம் என ஒரே பொத்தானுக்கு இரு வேலைகள் தரலாம். நிபந்தனைகள் இடமிருந்து வலமாகச் சோதிக்கப்படும்; முதலில் பொருந்துவது நிறைவேறும். நிபந்தனையற்ற தாக்குதலை முன்னால் எழுதிவிட்டால் குணமாக்கும் பகுதிக்கு முறையே வராது. மேக்ரோவின் வரிசை தவறு என்று திரையில் எந்தச் செய்தியும் தோன்றாது. தோழர் மட்டும் மடிவார். அடைப்புக்குறிக்குள் வரும் காற்புள்ளி ‘உம்’ எனப் பொருள்படும். அடுத்தடுத்த இரு அடைப்புகள் ‘அல்லது’ எனப் பொருள்படும். இறந்த நண்பரும் ‘நண்பர்’ என்பதில் அடங்குவார் ஆதலின் ‘உயிருடன்’ என்பதைத் தனியே சொல்லியாக வேண்டும். உம்மையும் ஐகாரமும் பொருளை மாற்றுவதை உரையாசிரியர்களிடம் கற்ற தமிழ் மாணவர்க்கு இதில் புதுமை என்ன இருக்கிறது? (தொல்காப்பியச் செய்யுளியல் மந்திரத்தை வரையறுக்குமிடத்தும் ‘ஆணை’ வருகிறது.)

பிழை நீக்கும் வழியும் எளியது. ஒரே வரியாகக் குறைத்து இயக்க வேண்டும். இயங்கினால் ஒரு நிபந்தனையைச் சேர்த்து மீண்டும் இயக்க வேண்டும். எங்கே முறிகிறதோ அங்கேதான் பிழை. மேக்ரோவை எங்கிருந்தோ எடுத்து ஒட்டியவர், அல்லது செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்கியவர், இந்தப் படியில்தான் திணறுகிறார். அவர் அதைப் படித்ததே இல்லை. ஆய்வேட்டில் மேற்கோளை அப்படி ஒட்டுவோரை நாம் விடுவதில்லை.

எனக்கு மிகவும் பயன்பட்டது வேறொரு வரலாறு. தொடக்கத்தில் ‘டிகர்ஸிவ்’ போன்ற துணை நிரல்கள், யாருக்கு நோய் தீர்க்க வேண்டும் என்பதைத் தாமே கண்டறிந்து செய்து முடித்தன. 2006 டிசம்பரில் வந்த 2.0 பதிப்பில் பிளிஸார்டு நிறுவனம் அதைத் தடுத்தது. போரின்போது இலக்கைத் தேரும் முடிவு ஆடுபவருக்கே உரியதாயிற்று. ஆய்வில் எந்த முடிவை நிரலிடம் விடலாம், எதை விடலாகாது என்ற விவாதத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் வகுப்பில் கேட்டதில்லை.

மந்திரத்தின் பெயரை விளையாட்டு இயங்கும் மொழியிலேயே எழுத வேண்டும். ஜெர்மன் பதிப்பில் ஆங்கிலப் பெயர் பலிக்காது. கொரியம், ருஷ்யம், சீனம் எல்லாம் உண்டு. இந்திய மொழி ஒன்றுகூட இல்லை. தெலுங்கும் உருதும் தமிழும் கலந்து பேசும் விடுதி அறையில், மந்திரம் மட்டும் ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது. அடுத்த பயிலரங்கின் முதல் மணிநேரத்தை இந்த 255 எழுத்துருக்களுக்கு ஒதுக்குங்கள். இரண்டாம் நாள் பிற்பகல் இருக்கைகளை எண்ணிப் பார்ப்போம்.